வயிறு உப்பிச் செத்த மாடு

தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற மாட்டைப் பார்த்ததும் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

நெற்றியில் கோணல் மாணலாக ஒரு வெள்ளைத் திட்டு. இடது காதின் நுனியில் சின்னப் பிளவு. அதே காதில் பண்ணைக்காரர்கள் மாட்டிய மஞ்சள் வில்லை, எண் 214.

அக்காவின் மாடு. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் வயிறு உப்பிச் செத்துப்போன மாடு.

அப்படித்தான் அவன் சொல்லியிருந்தான்.

அக்கா கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாடு அவன் பொறுப்புக்கு வந்தது. விடியுமுன் எழுந்து சாணி அள்ளவும், தீவனம் கரைக்கவும், ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கவும் அவனால் ஒன்பது நாள்தான் முடிந்தது. பத்தாம் நாள் தரகரைக் கூப்பிட்டு ஓட்டிப்போகச் சொல்லிவிட்டான். எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

வேறு வழியில்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட இடமில்லை. அலுப்பு. வெறும் அலுப்பு.

செய்தியைக் கேட்டு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தவனும் அவன்தான்.

இன்றைக்குப் பால்பண்ணையைப் பார்க்கப் போகலாம் என்று கிளப்பியது அக்கா. குழந்தைகளுக்கு லீவு, எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுகிறார்களாம் என்றாள். அவனும் சரி என்று கிளம்பிவிட்டான்.

காலையிலிருந்து ஒரு குறையும் இல்லை. நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு மெஷின் பால் கறப்பதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். கன்றுகளுக்குப் புட்டிப்பால் கொடுத்தார்கள். சின்னவனை டிராக்டரில் ஏற்ற மனைவி வரிசையில் நின்றாள். ஆறு வயது மகள் மட்டும் அத்தையின் கையை விடாமல் இந்தக் கொட்டிலுக்கு வந்தாள். வாசலில் பெரிய பலகை: ‘நீங்களே கையால் பால் கறந்து பாருங்கள்.’

மாடு தலையைத் தூக்கியது. கயிறு எட்டிய மட்டும் முன்னால் வந்து, அக்காவின் உள்ளங்கையை நக்கத் தொடங்கியது.

“தெரியாதவங்ககிட்டயும் எப்படி ஒட்டுது பாருக்கா. தினமும் ஆளுங்களைப் பாத்துப் பழகிடுச்சு” என்றான். யாரும் அவனை எதுவும் கேட்டிருக்கவில்லை.

“ம்” என்றாள் அக்கா. மாட்டின் தாடைக்குக் கீழே தொங்கிய தோலை நகத்தால் சொறிந்துவிட்டாள்.

“அத்தை, செத்துப்போச்சே உங்க மாடு, அதுவும் இப்படித்தான் இருந்துச்சா?” என்றாள் மகள்.

“அப்பாவைக் கேளு. அவர்தான் கடைசியில கூட இருந்தாரு.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. மேலே மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

சாயங்காலம் வயிறு பானைபோல் உப்பியதைச் சொன்னான். வாயில் நுரை தள்ளியதை, டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதை. இரண்டு ஆட்களை வைத்துக் கொல்லைச் சுவருக்குப் பின்னால் குழி வெட்டியதை. முதல் தடவை சொன்னபோது இல்லாத மழை இந்தத் தடவை பெய்தது. அவன் சட்டையெல்லாம் சேறு.

அக்கா மாட்டின் கழுத்தில் கை வைத்தபடி முழுவதையும் கேட்டாள்.

“ரொம்பக் கஷ்டப்பட்டுச்சாடா?”

“இல்லக்கா. கண்ணை மூடிடுச்சு, அவ்வளவுதான்.”

மகளின் கண்ணில் நீர் கோத்திருந்தது. அவன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டான்.

அப்போதுதான் கறவைக்காரப் பெண் ரப்பர் பூட்ஸும் வாளியுமாக உள்ளே வந்தாள்.

“அடடே, அக்கா! போன ஞாயித்துக்கிழமை எங்க காணோம்? இது வாசலையே பாத்துக்கிட்டு நின்னுது, கறக்கவே விடல.” அவனைப் பார்த்துச் சிரித்தாள். “தம்பியா? நீங்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சதுல மாட்டைப் பாத்துக்க முடியாமக் குடுத்துட்டீங்க, பாவம்னு அக்கா சொல்லியிருக்காங்க. தரகரைத் தேடிப் புடிச்சு, கட்டுப் போட்ட காலோட வந்தாங்களே, அன்னைலேருந்து போன வாரம் தவிர ஒரு வாரம் தப்பினதில்ல.”

ஞாயிறுதோறும், வெளியே போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு அக்கா கிளம்புவாள். எங்கே என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. திரும்பி வந்து அவனுக்குச் சோறு போடுவாள்.

தரையில் சாணி கழுவிவிட்ட தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு அவனுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

மகள் மாட்டைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இதுதான் அத்தையோட மாடுன்னா, நீ எதைப்பா புதைச்ச?”

கறவைக்காரப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது.

அக்கா தடுப்பைத் திறந்து உள்ளே போய் முக்காலியை இழுத்துப் போட்டு, சரியாக மடங்காத காலை நீட்டி உட்கார்ந்தாள். மாட்டின் மடியில் தண்ணீர் அடித்துக் கழுவினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அது வேற மாடு, கண்ணு. நம்ம வீட்டுல அப்ப ரெண்டு இருந்துச்சு.”

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான்.