பொட்டு வைத்த கை

ஆயுத பூஜைக் காலை. மந்தைவெளிக் குடியிருப்பில் தேவானை சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வீட்டைச் சுற்றி வருகிறாள். மிக்ஸி, அடுப்பு, அரிவாள்மனை என ஒன்றையும் விடவில்லை. அலமாரி முன்னால் நிற்கும் மகள் தமிழ்நிலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கேதான் ஜப்பானிலிருந்து அவள் தருவித்த அனிமே கார்ட்டூன் சிலை இருக்கிறது. முழங்கால் உயரம், பறக்கும் வெள்ளி முடி, ஓங்கிய வாள், ஜன்னல் வெயிலை அண்ணாந்து பார்க்கும் பால்வெள்ளை முகம். குங்குமம் பட்டால் கறை போகவே போகாது. "அதுக்கு வேணாம்மா, பாழாப்பூடும்." "கத்தி வச்சிக்கினு நிக்குது, அதுக்கு வைக்காம வேற எதுக்குடி வைக்கிறது?" ஈர விரல் நெருங்குகிறது. தமிழ்நிலா சட்டென்று சிலையின் முகத்துக்கு மேல் கையைக் குடையாக விரிக்கிறாள். தேவானை ஒரு கணம் பார்க்கிறாள். பிறகு அந்தப் புறங்கையிலேயே சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தைத் தாராளமாக அள்ளி வைக்கிறாள். "இந்தக் கையும் நம்மளுக்குச் சோறு போடுற ஆயுதந்தான்." சொல்லிவிட்டு ஸ்கூட்டிக்குப் பொட்டு வைக்கப் படியிறங்குகிறாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. சுவிட்ச் எட்டாத தூரத்தில். கையை இழுத்தால் தூள் சிலையின் முகத்தில் உதிரும். "அம்மா" என்று கூப்பிட வாயைத் திறக்கிறாள். தன் மூச்சுக்கே குங்குமம் அசைவதைப் பார்த்து மூடிக்கொள்கிறாள்.