காம்பு சரியில்லை

"இது மிளகாயே இல்லை, ஹெர் ஹார்லன். உதட்டுச் சாயம் மாதிரி மினுங்குது. திருப்பிக் கீறிக்கொண்டு வாங்கோ."

கமலநாயகி படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டாள்.

ஹார்லன் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எந்த இடத்தில் மினுக்கம் அதிகம்?" என்று அவளைப் போலவே ஜெர்மன் மொழியில் கேட்டார்.

"எல்லா இடத்திலையும். செத்தல் மிளகாய் சுருங்கியெல்லோ கிடக்கும்!"

கிழவர் தலையாட்டிவிட்டுப் படத்தோடு வெளியேறினார்.

பேர்லின் நகரின் நொய்கெல்ன் பகுதியில் கமலநாயகி நடத்தும் தமிழ்க் கடைக்கு அஜிதா வேலைக்கு வந்து சில கிழமைகள்தான். கறித்தூள் பையில் ஒட்டுவதற்கு ஒரு மிளகாய்ப் படம். அதை ஹார்லன் கொண்டுவருவதும், கமலநாயகி ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்புவதும் அஜிதா வந்த நாளிலிருந்தே நடக்கிறது.

"பாவம் அக்கா, எண்பது வயசு மனுசன்."

"வேலை எண்டால் வேலைதான். நீ அந்தப் பருப்பை அடுக்கு."

ஹார்லன் கடைக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், விதைப் பைகளுக்கும் தக்காளி டின்களுக்கும் படம் வரைந்தே அவருடைய காலம் போயிருந்தது. அந்த ஊர்ச் சமையலறைகளில் எல்லாம் அவர் வரைந்த தக்காளி இருந்தது. அவர் பெயர் எதிலும் இல்லை. மனைவி பேர்லின்காரி. வயதான பின் அவளோடு இங்கே வந்தார். அவளும் இறந்துவிட்டாள்.

அடுத்த நாளும் படத்தோடு வந்தார். கமலநாயகி பின்கட்டில் மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

அஜிதா படத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. பார்க்கும்போதே தும்மல் வரும் போலிருந்தது.

"மிகவும் அழகாக இருக்கிறது" என்றாள்.

"கடைக்காரிக்குப் பிடிக்குமா?"

அஜிதா ஒரு கணம் யோசித்தாள். ஒரு நல்ல காரியத்துக்குப் பொய் சொன்னால் என்ன?

"நீங்கள் எது கொண்டுவந்தாலும் அதுவே போதும், இனிக் கஷ்டப்பட வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார்."

ஹார்லன் சிரித்தார். "அப்படியானால் வேலை முடிந்துவிட்டது" என்றார். அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். படத்தை மேசையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு மெல்ல வெளியே போனார்.

கமலநாயகி கையைத் துடைத்தபடி வந்தாள். "ஹார்லன் வந்தவரோ?"

"வந்தவர். படம் நல்லாயிருக்கு எண்டு நானே சொல்லி அனுப்பிட்டன். நீங்கள் ஏசினாலும் பரவாயில்லை."

கமலநாயகி ஏசவில்லை. படத்தைப் பறித்துக்கொண்டு, வரிசையில் நின்ற வாடிக்கையாளரையும் விட்டுவிட்டு ஓடினாள். மாடிப்படியிலிருந்து அவளுடைய குரல் கடைக்குள் கேட்டது.

"ஹெர் ஹார்லன்! கதவைத் திறவுங்கோ! இந்தப் பெட்டைக்கு ஒண்டும் தெரியாது. காம்பு சரியில்லை! எனக்கு நாளைக்குக் காலமை வேணும்!"

கதவு திறக்கும் சத்தம். "நாளைக்கா? காம்பில் என்ன பிழை?" என்று கிழவரின் குரல்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவளை அஜிதா எரிச்சலோடு பார்த்தாள்.

"அந்தப் படத்தில ஒரு குறையும் இல்லை அக்கா. உங்களுக்கு மனச்சாட்சியே இல்லையோ?"

"ஒரு குறையும் இல்லைத்தான்" என்றாள் கமலநாயகி. "போன மாசியில ஒரு கத்தரிக்காய் கீறித் தந்தவர். நல்லாயிருக்கு, வேலை முடிஞ்சுது எண்டு நானும் அண்டைக்கே சொல்லிப்போட்டன். பிறகு அந்த மனுசன் சாப்பிடக்கூடக் கட்டிலால எழும்பேல்லை. கதவை உடைச்சுத்தான் அம்புலன்சில ஏத்தினது."