தொந்தி வைத்த சூசையப்பர்

“காத்து அடிக்குது தம்பி. காத்து நின்னதும் ஆபரேஷன் வச்சிக்கிடலாம்” என்றார் ஜேசுதாசன்.

மணப்பாட்டில் காற்று என்றைக்கு நின்றிருக்கிறது? மைத்துனன் டிக்சனுக்கு எரிச்சலாக வந்தது. அக்கா கிரேசிக்கு இரண்டு கண்ணிலும் புரை. அத்தானோ இரண்டு வருடமாக ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

“போன தடவை சர்க்கரைன்னிய. அதுக்கு முந்தி சிலுவைக் கோயில் திருவிழான்னிய. அக்கா கண்ணு தெரியாமலே கெடக்கணுமா அத்தான்?”

“விடுல டிக்சன், எனக்கு என்ன அவசரம்?” என்றாள் கிரேசி.

“பாவம், உன்னையும் இப்படிப் பேச வச்சிட்டாரே!”

அவன் கார் பிடித்து இருவரையும் தூத்துக்குடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டு, கிரேசியை உள்ளே அழைத்துப் போனார்கள். ஜேசுதாசன் நர்ஸை வழிமறித்தார்.

“ஏம்மா, ஆபரேஷன் முடிஞ்சா வீட்டுக்குள்ள இருக்கதெல்லாம் தெரியுமா?”

“பளிச்சுன்னு தெரியும் ஐயா.”

“கொஞ்சம் கம்மியாத் தெரியுத மாதிரி லென்ஸ் இல்லையா?”

டிக்சன் அவரை மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனான். “நீங்க மனுசன்தானா அத்தான்?”

ஜேசுதாசன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எங்க வீட்டுப் பீடத்துல இருக்கது சூசையப்பர் இல்ல தம்பி. கிறிஸ்துமஸ் தாத்தா.”

“என்னது?”

“ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு நாள், குடிச்சிட்டுப் பீடத்து மேலயே விழுந்துட்டேன். கல்யாணத்துக்கு உங்க அம்மா குடுத்த சொரூபம் சுக்குநூறாப் போச்சு. அவ சாயங்காலப் பூசைக்குப் போயிருந்தா. திரும்பி வாறதுக்குள்ள என்ன செய்ய? கிறிஸ்துமஸ் சாமான் பெட்டியில தாத்தா பொம்மை கெடந்துச்சு. சூசையப்பருக்கு உள்ள மாதிரியே தாடி இருந்துச்சு, கையில கம்பும் இருந்துச்சு. படகுக்கு வச்சிருந்த காவி பெயிண்டை அடிச்சு நிப்பாட்டிட்டேன்.”

“தொந்தி?”

“அதை ஒண்ணும் செய்ய முடியல.”

“அது முன்னாலயா அக்கா ஜெபமாலை சொல்லுதா?”

“தெனமும். போன மாசம் மெழுகுவத்தி ஏத்தி உன் மவனுக்கு வேலை கேட்டா. அதுவும் கெடச்சிட்டு.”

“நல்ல சொரூபமா வாங்கி மாத்தியிருக்கலாம்லா?”

“சனிக்கிழமைதோறும் தொடைச்சுத் தொடைச்சு அவ கை இதுக்குப் பழகிட்டு. மாத்துனா கண்டுபிடிச்சிருவா தம்பி.”

டிக்சனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவுக்கு மாற்றுத்துணி எடுத்து வருவதாகச் சொல்லி வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான். போகும் வழியில் ஒரு நல்ல சூசையப்பரை வாங்கினான். வீட்டுக்குப் போய் அவரைப் பீடத்தில் நிறுத்திவிட்டு, தாத்தாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்சம் பயப்படட்டும்!

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். குனியக் கூடாது, தலையில் தண்ணீர் படக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. கறுப்புக் கண்ணாடியோடு கிரேசி வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

“சொட்டு மருந்து வாங்கியாறேன்” என்று ஜேசுதாசன் தெருவில் நடையைக் கட்டினார். மருந்து அவர் கையில்தான் இருந்தது.

கிரேசி நேரே பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஏலே டிக்சன், இது யாரு?”

“சூசையப்பர்க்கா!”

“அது தெரியுது. தாத்தா எங்கன?”

டிக்சன் கட்டிலுக்கு அடியில் பார்த்தான்.

“முதல் சனிக்கிழமை தொடைக்கும்போதே முதுகுல மூட்டை தட்டுப்பட்டுச்சு. சூசையப்பரு மூட்டை கட்டிட்டு எந்த ஊருக்குப் பொறப்பட்டாருன்னு தடவிப் பாத்தேன். தொந்தி வேற.”

“பொறவு ஏங்க்கா ஒண்ணும் சொல்லல?”

“மூச்சு விடாத. போய்த் தாத்தாவைக் கொண்டாந்து பழைய இடத்துல வை. அவிய வந்தா, அக்காவுக்கு இன்னும் மங்கலாத்தான் தெரியுதாம்னு சொல்லு.”

கிரேசி வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“அன்னைக்கு உடைச்ச பயத்துலதாம்ல உங்க அத்தான் குடியை விட்டாவ.”