இரண்டாவது ஃபோல்டர்

சுரங்கம் சரிந்து ஆறு மணி நேரம் ஆகிறது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்ட்ரெச்சர்களில் ஒட்டிய சேற்றைக் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறார்கள். சுரங்க அலுவலகத்தின் கம்ப்யூட்டர்காரர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மருத்துவமனைப் பதிவறையில் வேலைக்குச் சேர்ந்து நான்கே நாளான பெண்ணுக்கு, அங்கிருந்தபடியே தன் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து காயம்பட்டவர் பட்டியலை எடுக்க வழி சொல்கிறார். "எல், எஸ் அடிங்கம்மா. உள்ள இருக்கிறதெல்லாம் காட்டும்." "ரெண்டு ஃபோல்டர் காட்டுது சார். காயம், மரணம்." "காயத்துக்குள்ள போங்க. சி, டி, ஓர் இடம் விட்டு அந்தப் பேரு." போனில் கீபோர்டு தட்டித் தடவி ஒலிக்கிறது. பட்டியலைத் திறக்கவும் சொல்லித்தருகிறார். அவள் முணுமுணுவென்று படித்துக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்துகிறாள். "எங்க வீட்டுக்காரரும் காலை ஷிப்டுதான் சார். இதுல அவர் பேரு இல்ல." பேரென்ன என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள். மத்தியானம் அந்தப் பேரை இரண்டாவது ஃபோல்டரில் ஏற்றியவர் அவர்தான். "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களாம்மா?" "யாரும் இல்ல சார். வெளிய வந்து அடுத்ததுக்குள்ள போக என்ன அடிக்கணும்?" வெளியே குழாயை நிறுத்திவிட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்கிறார்.