சிவக்காத முதுகு

பிளீச்சிங் பட்டறையில் எட்டு வருடமாகத் துணி அலசும் மயிலாத்தாளின் முதுகில், டாக்டர் ஒரு சின்ன வெள்ளைச் சதுரத்தை ஒட்டி அனுப்பினார். அதற்குள் இருந்தது தொட்டியில் ஊற்றும் அதே மருந்துதான், நிறையத் தண்ணீர் கலந்தது. இரண்டு நாள் குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது. ஒட்டிய இடம் சிவந்தால் அந்த மருந்து உடம்புக்கு ஆகவில்லை என்று அர்த்தம். ஆகாதவர்களைப் பட்டறையில் வைத்துக்கொள்வதில்லை.

மயிலாத்தாள் இரண்டு நாளும் குப்புறவே படுத்தாள். மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

மூன்றாம் நாள் டாக்டர் சதுரத்தை உரித்தார். "சிவப்பே இல்லீங்கம்மா. உங்களுக்கு அலர்ஜி கிடையாது. தைரியமா வேலைக்குப் போங்க." மடியில் மடக்கி வைத்திருந்த கைகளைக் காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவளும் காட்டவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நேராகப் பட்டறைக்கு வந்தாள். அவள் வராத இரண்டு நாளில் வாசலில் புதிதாகக் கைரேகை மெஷின் வைத்திருந்தார்கள்; ஒரு விரலாவது அதில் பதிந்தால்தான் இனி வேலை. பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"கையத் தொடச்சுட்டு வைங்கக்கா," என்றார் வாட்ச்மேன்.

முந்தானையில் துடைத்துவிட்டு அடுத்த விரலை வைத்தாள். சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு. பின்னால் வரிசை நீண்டது. ஏழாவது விரலில் வாட்ச்மேன் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகள் ரேகையே இல்லாமல் உரித்த முட்டை மாதிரி வழுவழுவென்று இருந்தன.

"இன்னும் மூணு வெரல் இருக்குதுங்க," என்றாள் மயிலாத்தாள்.