பாறையில் எழுதிய முள்ளம்பன்றி

காட்டின் பொதுப் பாறையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், தப்பைத் திருத்தலாம். தேனீக் கூட்டத்தைப் பற்றி அதில் ஒரே சொல்தான் இருந்தது: 'கொட்டும்.'

"அதை அழிச்சிடு. எங்க தேன் அமிர்தம்னு எழுது. ஒரு தேனடை கூலி தர்றேன்," என்று, பாறையில் தன் முள்ளால் எழுதும் முள்ளம்பன்றியிடம் சொன்னது ராணித் தேனீ.

முள்ளம்பன்றிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனாலும், "அழிக்க மாட்டேன் ராணியம்மா. எப்போ கொட்டுவீங்கன்னு சேர்த்து எழுதறேன். கூலி வாங்கினதையும் எழுதிடுவேன். உங்ககிட்ட கொட்டு வாங்கின கரடிதான் சரிபார்க்கணும்," என்றது.

ராணி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தது.

'கூட்டை உலுக்கினால் கொட்டும்' என்ற வரியைப் படித்த கரடி மூக்கைத் தடவிக்கொண்டது. "உண்மைதான், அன்னிக்கு உலுக்கினேன்." பிறகு, 'தேன் நல்ல தேன்' என்று தானாகவே ஒரு வரி சேர்த்தது.

மறுநாள் குரங்குகள்கூடக் கிளையை உலுக்காமல் வரிசையில் நின்று தேன் கேட்டன. அவற்றின் நடுவே உட்கார்ந்து, முள்ளம்பன்றி தன் கூலித் தேனடையை ஒளிக்காமல் நக்கிச் சாப்பிட்டது.