மதிப்புள்ள மரம்

கன்னியப்பன் கோடாலியைத் தலைக்கு மேல் ஓங்கிய நேரம், பின்னாலிருந்து பாய்ந்து வந்தது கொடுவாள். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து, புளியமரத்தின் மேல் ரத்தம் சிதறியது.

"கைய எட்றா! என்னத் தாண்டி எவன்டா அதுல கைய வெப்பான்?"

கத்தியவள் அங்கம்மா. ஐம்பது வயதிருக்கும். ஏரிக்கரைக் குடிசையிலிருந்து ஓடி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை.

கள்ளிக்குப்பம் சாலையை அகலப்படுத்தக் காண்ட்ராக்டர் அனுப்பிய ஆட்கள் ஆறு பேர். கூட்டாளியின் கை தொங்குவதைப் பார்த்ததும் மற்ற ஐந்து பேருக்கும் வெறி ஏறியது. ஒருவன் கடப்பாரையால் அவள் தோளில் அடித்தான். கொடுவாள் தெறித்து விழுந்தது. இன்னொருவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, வாயிலேயே மிதித்தான்.

டீக்கடையிலிருந்து செங்கல்வராயன் ஓடி வந்தார். "எங்க தெரு மரத்த வெட்ட வந்துட்டு, பொம்பளயவாடா அட்ச்சிக்கினு கீறீங்க?"

அவர் எறிந்த முதல் கல் ஒருவனின் நெற்றியைக் கிழித்தது. அப்புறம் தெருவே கல்லை எடுத்தது.

இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவில் புகுந்தார் வீரராகவன். வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சாலையோர மரங்களின் மதிப்பைக் கணக்கிடவும், வெட்டுகிற மரத்துக்குப் பதிலாக எதை நடலாம் என்று எழுதித் தரவும் அவரை அமர்த்தியிருந்தார்கள். ஒரு கல் அவர் காதையும் பதம் பார்த்தது.

"நிறுத்துங்க! நான் பார்த்துக் கையெழுத்துப் போடாம இந்த மரத்தை யாரும் வெட்ட முடியாது!"

ரத்தம் ஒழுகிய கன்னியப்பனை லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். கொடுவாளையும் எடுத்துப் போய்விட்டார்கள். கோடாலி மட்டும் வேரடியில் கிடந்தது.

வீரராகவன் காதில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டே வேலையை ஆரம்பித்தார். மார்பு உயரத்தில் டேப்பைச் சுற்றினார். பதினோரு அடி. மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். எங்கும் பொந்து விழுந்த சத்தம் இல்லை.

"எவ்ளோ சார் போவும்?" செங்கல்வராயன் பின்னாலேயே வந்தார்.

"விறகா எடை போட்டா சொற்பம்தான். வயசு, நிழல், காய்ப்பு எல்லாத்தையும் சேர்த்தா, இந்த ரோட்டுலயே இதுக்கு ஈடு கிடையாது."

தெரு மொத்தமும் மரத்தடியில் கூடி நின்றது. அங்கம்மா மட்டும் எதிர்ப்பக்கம், சித்திரை வெயிலில், ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்தாள். செங்கல்வராயன் ஒரு சோடாவை உடைத்துக் கொண்டுபோய் நீட்டினார். அவள் அதைத் தட்டிவிட்டாள். பாட்டில் ஜல்லியில் விழுந்து நொறுங்கியது.

வீரராகவன் அவள் அருகில் போய்க் குனிந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்மா. பல்லு உடைஞ்சிருக்கு."

"அது கெடக்கட்டும். மரம் இன்னா ஆவும்?"

"இன்னும் எழுதலை. ஒருவேளை வெட்ட வேண்டி வந்தா, அந்த இடத்துல என்ன மரம் வைக்கலாம்? மேல கரன்ட் கம்பி போகுது. புங்கம் வைக்கலாம். மகிழம்கூட நல்லா வரும்."

"இன்னா வோணா வையி சார். ஆனா ரொம்பப் பெருக்கக் கூடாது. ஒரு ஆளு திமிறுனா ஒடிஞ்சி போற மாதிரி இருக்கணும்."

இந்தப் புளியமரத்தை இன்னொரு மரம் மிஞ்சிவிடக் கூடாது என்கிறாள் போலும் என்று அவர் எடுத்துக்கொண்டார். முப்பது வருஷ சர்வீஸில் மரத்தை வெட்டியவர்களைத்தான் பிடித்திருக்கிறார். மரத்துக்காக ஆளை வெட்டியவளை இன்றுதான் பார்க்கிறார்.

ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை வைத்து எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்.

"மரம் நல்ல நிலையில் உள்ளது. வெட்டக் கூடாது. சாலையை எதிர்ப்புறமாக ஆறடி தள்ளிப் போட்டுக்கொள்ளலாம்."

தெரு விசிலடித்தது. செங்கல்வராயன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அங்கம்மா மெல்ல எழுந்தாள். கூட்டம் மரியாதையாக வழிவிட்டது. நேராக வேரடிக்குப் போனவள், கிடந்த கோடாலியைக் கையில் எடுத்தாள். அடிபடாத தோளின் பலத்தையெல்லாம் திரட்டி, அடிமரத்தில் ஓங்கி இறக்கினாள்.

பட்டை சிதறிப் பறந்தது.

"ஏய்! பைத்தியமா உனக்கு?" செங்கல்வராயன் பாய்ந்தார். கோடாலியோடு அவள் திரும்பினாள். அவள் கண்களைப் பார்த்தவர், இரண்டடி பின்னால் போனார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். விசில் சத்தம் நின்றுபோயிருந்தது.

வீரராகவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா இது? இதைக் காப்பாத்தத்தானே ஒருத்தன் கையையே வெட்டினீங்க?"

மரத்தின் பக்கம் மறுபடி திரும்பி, கோடாலியை அடுத்த வெட்டுக்கு ஓங்கியபடியே அங்கம்மா சொன்னாள்.

"சைக்கிள் திருடுனான்னு எம் புள்ளய இந்தத் தெருவே இதுல கட்டி வெச்சி அட்ச்சே கொன்னுச்சி சார், மொத வெட்ட வேற எவனோ போட உட்ருவேனா?"